சபை அணி மைதானத்தில் பேசுவது எப்படி: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கேப்டன்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரம் (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) ஒன்றின் வாலிபர் ஐக்கிய கிரிக்கெட் அணியைப் பதினோரு ஆண்டுகளாக நடத்துகிறேன். டென்னிஸ் பந்து, எட்டு ஓவர், பொங்கல் விடுமுறையிலும் மே மாதத்திலும் போட்டிகள். புதிதாக வரும் பையன்கள் ஒரு மாதத்தில் நேராகப் பந்து வீசக் கற்றுக்கொள்கிறார்கள். வாயைப் பழக்க அவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதை யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. “கிறிஸ்தவப் பிள்ளையாக நடந்துகொள்” என்று சொல்லி உள்ளே அனுப்பிவிடுகிறோம்.

வேதாகமத்தின் எபேசியர் 4:29ஐ எல்லாப் பிள்ளைகளும் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஆனால் “கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்” என்ற முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள் என்கிற பிற்பாதி மைதானத்துக்குள் வருவதே இல்லை. வாயை மூடிக்கொண்டு முறைத்தபடி ஆடுகிற அணியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டு ஓவர் அடக்கி வைத்தது எட்டாவது ஓவரின் கடைசிப் பந்தில் வெடிக்கும். நாக்குக்குச் சொல்ல வேறொன்றைக் கொடுத்தால்தான் பழையது போகும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

வரிசையை மாற்ற வேண்டாம். அம்பயரிடம் சண்டை போடுகிறவர் பெரும்பாலும் முதல் மூன்று படிகளைச் செய்யாமல் வந்தவர்.

1. போட்டிக்கு முன் தேவையானவை

ஒரு தாள், ஒரு பேனா, போதுமான தண்ணீர், அணிக்காகப் பேச ஒரே ஒரு ஆள். இவ்வளவுதான்.

தாள் எதற்கென்றால், விதிகளை எழுதி இரண்டு கேப்டன்களும் பார்த்துக்கொள்வதற்கு. எங்கள் பக்கத்து ஆட்டங்களில் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட்) கிடையாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சண்டை வருவது வேறு இடங்களில். லெக் பக்கம் எவ்வளவு தள்ளிப் போனால் வைடு? கையை மடக்கி எறிகிறவருக்கு எச்சரிக்கை உண்டா, நேராக நோ பாலா? பந்து உடைமரப் புதருக்குள் போனால் எத்தனை ரன்? வெளிச்சம் குறைந்தால் என்ன செய்வது? இவற்றை டாஸுக்கு முன் கேட்டால் அது வெறும் கேள்வி. ஐந்தாவது ஓவரில் கேட்டால் குற்றச்சாட்டு. நான் பார்த்த கடுஞ்சொற்களில் பாதிக்குமேல் கெட்ட மனத்திலிருந்து வந்தவை அல்ல, பேசி முடிக்காத விதியிலிருந்து வந்தவை.

தண்ணீரை அற்பமாக நினைக்க வேண்டாம். மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு, காலையில் சாப்பிட்டதோடு வந்து நிற்கிறவனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். கேப்டன் ஒரு குடம் தண்ணீரும் கொஞ்சம் வாழைப்பழமும் ஏற்பாடு செய்வது ஊழியத்தில் சேர்ந்தது.

2. உங்கள் வாய் எங்கே தவறுகிறது என்று கண்டுபிடியுங்கள்

தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுவதில்லை. ஆகவே உங்கள் அணியிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, மூன்று ஆட்டங்களுக்கு உங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். எப்போது குரல் உயர்ந்தது, யாரிடம், என்ன நடந்தவுடன் என்று மட்டும் அவர் குறித்துவைத்தால் போதும்.

மூன்று ஆட்டம் முடிந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். “எனக்குக் கோபம் அதிகம்” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, கேட்ச் விட்டாலும் வைடு கொடுத்தாலும் ஒன்றும் ஆவதில்லை, ரன் அவுட் ஆனால் மட்டும் வாய் தவறுகிறது என்று தெரியவரும். இன்னொருவருக்கு எதிரணிக்காரர்கள் சிரித்தால் தாங்காது. இடம் தெரிந்தால்தான் அந்த இடத்துக்கு வார்த்தையைத் தயார் செய்ய முடியும்.

3. மாற்று வார்த்தையைப் பயிற்சியிலேயே பழகுங்கள்

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். பயிற்சி ஆட்டத்தில் எப்படியும் பேசலாம், போட்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். பதற்றத்தில் வாய் யோசித்துப் பேசாது, பழகியதைத்தான் பேசும்.

உங்களுக்குத் தவறுகிற அந்த ஒரு இடத்துக்கு ஒரு சிறிய சொல்லைத் தேர்ந்தெடுங்கள். “சரி, அடுத்த பந்து” என்பது எங்கள் அணியில் நிலைத்துவிட்டது. மூச்சை வெளியே விடும்போதே சொல்லிவிடக்கூடிய அளவில் இருக்க வேண்டும். நீளமான வாக்கியம் கோபத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது, பழைய சொல் முந்திக்கொள்ளும்.

பிறகு பயிற்சியில் வேண்டுமென்றே அந்த நிலையை உண்டாக்குங்கள். கேட்ச் விடச் சொல்லி, பவுலர் திரும்பிப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் நாடகமாகத் தோன்றும், பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூன்றாவது வாரம் உண்மையாகவே கேட்ச் விழும்போது அந்தச் சொல் தானாக வரும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு.

முதலாவது, கெட்ட வார்த்தைக்குப் பதிலாக “ஆண்டவரே!”, “இயேசுவே!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவது. இதைக் கண்டால் நான் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக என்ற கட்டளை கேட்ச் விட்ட இடத்திலும் கட்டளைதான். ஆத்திரத்தைக் கொட்டும் பாத்திரமாக அந்த நாமத்தைப் பயன்படுத்துவதைவிட ஒன்றும் சொல்லாமல் நிற்பது நல்லது.

இரண்டாவது, அபராதம் போடுவது. நானே ஓர் ஆண்டு ஒரு கெட்ட வார்த்தைக்குப் பத்து ரூபாய் என்று வைத்துப் பார்த்தேன். பையன்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திட்டினார்கள். பணம் கட்டியதும் கணக்குத் தீர்ந்தது என்ற எண்ணம் வந்துவிட்டது. இப்போது திட்டினால் அந்தப் பந்தை மறுபடி வீசி, அதே நிலையை உண்டாக்கி, சரியான சொல்லைச் சொல்லவைக்கிறேன். இதில் நேரம் போகிறது. ஆனால் வேலை செய்கிறது.

4. முதல் பந்துக்கு முன்: பெயர், பிறகு ஜெபம்

டாஸ் போடும் முன் எதிரணியில் குறைந்தது மூன்று பேரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் எது, என்ன படிக்கிறார், எங்கே வேலை என்று ஒரு நிமிடம் பேசுங்கள். வயதில் மூத்தவரை அண்ணன் என்றும் இளையவரைத் தம்பி என்றும் அப்போதே அழைக்கத் தொடங்கிவிடுங்கள். “அந்தச் சிவப்புச் சட்டை” என்று இருக்கும்வரை ஒருவரைத் திட்டுவது எளிது. அவர் பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி என்று தெரிந்தபின் நாக்கு தயங்கும்.

ஜெபம் அரை நிமிடம் போதும். மைதானத்தின் நடுவில் வட்டமாக நின்று எதிரணி காதில் விழும்படி வெற்றிக்காக ஜெபிப்பதை நான் அனுமதிப்பதில்லை. பிற மதத்துப் பையன்கள் நிறைந்த அணியோடு ஆடும்போது அது அவர்களுக்கு எதிரான காரியமாகத் தெரியும், தெரிவதில் தவறும் இல்லை. மரத்தடியில் நின்று, “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்” என்ற 141ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தைச் சேர்ந்து சொல்லிவிட்டு இறங்குகிறோம்.

5. சொந்த அணியிடம் பேசுவது

சபை அணிகளில் மிக மோசமான பேச்சு எதிரணியை நோக்கிப் போவதில்லை. சொந்தப் பையன்களை நோக்கித்தான் போகிறது. எதிரணியிடம் கவனமாக இருக்கிறவர்கள், “நம்ம பையன்தானே” என்று உள்ளே கொட்டிவிடுகிறார்கள்.

ஒரு பொங்கல் போட்டியின் அரையிறுதியில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் லாங் ஆனில் எளிதான கேட்சை விட்டான். “உன்னை யார் இறக்கச் சொன்னது?” என்று எல்லோர் முன்னும் கத்தினேன். ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. அவனை இறக்கியது நான்தான் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவன் ஆலயத்துக்கு வரவில்லை. நான்காம் வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது அவனுடைய அம்மா காபி கொடுத்தார்கள், அவன் உள்ளறையைவிட்டு வெளியே வரவில்லை. கெட்ட வார்த்தைப் பட்டியலை வைத்துக்கொண்டு வாயைச் சோதிக்கக் கூடாது என்று அன்று புரிந்துகொண்டேன். கேட்கிறவனுக்கு என்ன ஆனது என்பதுதான் சோதனை.

அதன்பின் எங்கள் அணியில் வைத்த ஒழுங்கு இது.

தவறு நடந்த ஓவரில் அந்தத் தவறைப் பற்றிப் பேச்சு கிடையாது. அந்த ஓவரில் அவனால் அதைத் திருத்த முடியாது, பயம் மட்டும் கூடும். அடுத்த பந்தும் அவனிடம்தான் வரக்கூடும்.

திருத்தம் சொல்வது இன்னிங்ஸ் முடிந்தபின், தனியாக, கேப்டன் மட்டும். பதினொரு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னால் அது யோசனையாக இருக்காது, விசாரணை ஆகிவிடும்.

பாராட்டும்போது எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்ல வேண்டும். “சூப்பர்” என்பதைவிட “பந்து வரும் முன்பே நகர்ந்துவிட்டாய், நன்று” என்பது அவனுக்கு உதவும். நேர்மாறாக, சோம்பலாக ஓடிப் பந்தை விட்டவனிடம் “நல்ல முயற்சி” என்று சொல்ல வேண்டாம். அது பொய், அவனுக்கும் தெரியும். கொலோசெயர் 4:6 “கிருபைபொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும்” என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. உப்பில்லாத இனிப்பைப் பையன்கள் இரண்டே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

‘டேய்’ பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒத்த வயது நண்பர்களுக்குள் அது பாசம், நான் தடுப்பதில்லை. மூத்தவர் இளையவரிடம் தவறு நடந்த நேரத்தில் சொல்லும் ‘டேய்’ வேறு. எதிரணியிடம் சொல்வதும் வேறு. அந்த இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

6. எதிரணியிடம் பேசுவது

சொந்தப் பவுலரை உரக்க உற்சாகப்படுத்துவது ஆட்டத்தின் ஒரு பகுதி. தயங்காமல் செய்யுங்கள். பேட்ஸ்மேன் பந்தை எதிர்கொள்ளத் தயாராகி நிற்கும்போது அவரை நோக்கிப் பேசுவது வேறு. அவரைத் திசைதிருப்பும் வேண்டுமென்ற முயற்சிக்கு கிரிக்கெட் சட்டத்தின் 41ஆம் பிரிவு ஐந்து ரன் தண்டனை விதிக்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த தொகுப்பில் 42ஆம் பிரிவு முழுக்கவே ஆட்டக்காரர் நடத்தையைப் பற்றியது, ஆபாசப் பேச்சும் அதில் சேரும். சாதாரணச் சட்டமே இவ்வளவு கேட்கிறது. சபை அணி அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

எதிரணியில் நல்ல ஷாட் அடித்தால் “நல்ல ஷாட், தம்பி” என்று விக்கெட் கீப்பர் சொல்ல வேண்டும். கீப்பர்தான் பக்கத்தில் இருக்கிறார், அவர் சொன்னால் கேட்கும். தூரத்திலிருந்து கைதட்டினால் சில நேரம் கேலியாகத் தெரியும்.

விளையாட்டுக் கேலியைப் பற்றி நான் கறாராக இல்லை. தெரிந்த அணியோடு, தெரிந்த நண்பரிடம், அவரும் சிரிக்கும் கேலி நடக்கட்டும். ஆனால் நான்கு விஷயங்கள் எந்தக் காரணத்துக்காகவும் வாயில் வரக்கூடாது: சாதி, நிறமும் உடலும், வீட்டுப் பெண்கள், மதம்.

சாதியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரும் சாதிப் பெயரைச் சொல்வதில்லை. தெருவின் பெயரைச் சொல்கிறார்கள், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைச் சொல்கிறார்கள், “அந்தப் பக்கத்துப் பையன்கள் அப்படித்தான்” என்கிறார்கள். கேட்கிறவனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். ஞாயிறு காலை நற்கருணையில் ஒரே அப்பத்தைப் பிட்டுவிட்டு மாலையில் அப்படிப் பேசுகிறவனை அந்த ஆட்டத்திலேயே வெளியே அழைத்துவிடுகிறேன், பத்துப் பேரோடு ஆடித் தோற்றாலும் சரி. கருப்பு, குண்டு என்ற பட்டப்பெயர்களும் இதே கணக்கில்தான். “அவனே ஒன்றும் சொல்லவில்லையே” என்று பதில் வரும். அவனுக்குச் சொல்ல வழியில்லை.

7. அம்பயர் முடிவில் தகராறு வந்தால்

எங்கள் ஆட்டங்களில் பேட்டிங் செய்யும் அணியிலிருந்துதான் ஒருவர் அம்பயராக நிற்பார். தன் அணிக்கு எதிராக அவர் விரலைத் தூக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் சந்தேகம் வருவது இயற்கை. ஆகவே இந்தப் படியை அணி முழுவதும் முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும்.

முதலில், எல்லோரும் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். அம்பயரைச் சுற்றி ஐந்து பேர் கூடினால், என்ன மென்மையாகப் பேசினாலும் அது மிரட்டல்.

இரண்டாவது, கேப்டன் மட்டும் நடந்து போக வேண்டும், ஓடக்கூடாது. அந்த இருபது அடி நடையில் மூச்சு சீராகும்.

மூன்றாவது, கேள்வியாகக் கேட்க வேண்டும். “அண்ணா, கிரீஸுக்குள் மட்டை வந்ததை நீங்கள் பார்த்தீர்களா?” என்றால் அவர் பார்த்ததைச் சொல்வார். “அது எப்படி அண்ணா நாட் அவுட்?” என்றால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார், பிறகு முடிவு மாறவே மாறாது. “உங்கள் மனசாட்சிக்கே தெரியும்” என்பதை ஒருபோதும் சொல்லாதீர்கள். பணிவாகத் தோன்றினாலும் அதன் பொருள் “நீ பொய்யன்” என்பதுதான்.

நான்காவது, பதில் எதுவாக இருந்தாலும் “சரி, அண்ணா” என்று சொல்லித் திரும்ப வேண்டும். ஒருமுறை கேட்டாயிற்று. இரண்டாம் முறை கேட்டால் அது நச்சரிப்பு.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதில்தான் சபை அணிகள் அதிகம் தோற்கின்றன. நமக்குச் சாதகமான தவறான முடிவு வந்தால் என்ன செய்வது? பந்து தரையில் பட்டபின் பிடித்தது உங்களுக்குத் தெரிந்தால், அந்த நொடியே கையை உயர்த்திச் சொல்லிவிடுங்கள். அடுத்த பந்து ஆட்டத்துக்கு வரும் முன், அம்பயரின் சம்மதத்தோடு கேப்டன் அப்பீலை (அவுட் கேட்டதை) திரும்பப் பெறச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. 1980 பம்பாய் டெஸ்டில் இந்தியக் கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத், அவுட் கொடுக்கப்பட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரை அப்படித்தான் திரும்ப அழைத்தார். இந்தியா அந்த டெஸ்டில் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பையன்களிடம் இந்தக் கடைசி வரியையும் சேர்த்தே சொல்கிறேன். உண்மை சொன்னால் கர்த்தர் ஆட்டத்தை ஜெயிக்கவைப்பார் என்று சொல்லிக்கொடுத்தால், தோற்ற அன்று உண்மையையும் விட்டுவிடுவார்கள்.

8. உங்களைத் திட்டினால்

“மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்” என்கிறது நீதிமொழிகள் 15:1. பதில் உண்டு, அது மெதுவானது. குரலைத் தாழ்த்தி, அவர் பெயரைச் சொல்லி, ஒரே வாக்கியம்: “அண்ணா, ஆட்டத்தைப் பார்ப்போம்.” பிறகு உங்கள் இடத்துக்குப் போய்விடுங்கள்.

செய்யக்கூடாதவை: அவரிடம் வசனம் சொல்வது, புன்னகைத்துக்கொண்டே நிற்பது, “உங்களை மன்னிக்கிறேன்” என்று அறிவிப்பது. மூன்றும் திட்டைவிட ஆழமாகக் குத்தும். மன்னிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

“சர்ச்சுக்குப் போகிறவன் இப்படிச் செய்யலாமா?” என்று சீண்டுவார்கள். அதில் உண்மை இருந்தால் “தவறுதான் அண்ணா” என்று ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் அணிப் பையனைச் சாதியைச் சொல்லியோ அவன் வீட்டுப் பெண்களைச் சொல்லியோ திட்டினால், பொறுத்துக்கொள் என்று அவனிடம் சொல்லாதீர்கள். கேப்டன் ஆட்டத்தை நிறுத்தி, அவன் பக்கத்தில் போய் நின்று, போட்டி நடத்துகிறவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நுழைவுக் கட்டணத்தை விட்டுவிட்டு அணியோடு கிளம்பலாம். நாங்கள் ஒருமுறை கிளம்பியிருக்கிறோம். காயப்பட்டவனை அமைதியாக்குவது சாந்தகுணம் ஆகாது.

9. ஆட்டம் முடிந்தவுடன்

வென்றால் முதலில் எதிரணியிடம் போங்கள், கொண்டாட்டம் பிறகு. கையைக் கொடுத்து, அவர் நன்றாகச் செய்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கோப்பை வாங்கும்போது மைக்கில் “கர்த்தர் எங்களுக்கு ஜெயம் கொடுத்தார்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தோற்று நிற்பவர்களில் அதே காலையில் ஜெபித்துவிட்டு வந்தவர்கள் இருப்பார்கள். நன்றியை மரத்தடியில் செலுத்துங்கள், மைக்கில் எதிரணிக்கும் நடத்தியவர்களுக்கும் நன்றி சொல்லுங்கள்.

தோற்றால் காரணம் சொல்லாதீர்கள். வெயில், டாஸ், அம்பயர் எதுவும் வேண்டாம். “நன்றாக ஆடினீர்கள்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்றிரவு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம், குழுவில் விவாதமும் வேண்டாம். மைதானத்தில் காத்த வாயை இரவு பத்து மணிக்கு விரல் கெடுத்துவிடும். மறுநாள் மாலை பேசிக்கொள்ளலாம்.

10. தவறிவிட்டால்

தவறும். எனக்கும் இன்னும் தவறுகிறது. தவறினால் அன்றே, மைதானத்தைவிட்டுக் கிளம்பும் முன், நேரில் போய்ச் சொல்லுங்கள். பலர் முன் திட்டியிருந்தால் பலர் முன்னே மன்னிப்புக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் திட்டு மட்டும் ஊருக்குத் தெரியும், மன்னிப்பு தெரியாது.

என்ன சொன்னீர்கள் என்பதைச் சொல்லிக் கேளுங்கள்: “உன்னை எல்லோர் முன்னும் அவமானப்படுத்தினேன், தம்பி. தவறு.” இதில் ‘ஆனால்’ வரக்கூடாது. “ஆட்ட வேகத்தில் வந்துவிட்டது” என்றும் சேர்க்க வேண்டாம். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று நிற்காதீர்கள். சொல்லிவிட்டு வாருங்கள்.

லாங் ஆனில் நின்ற அந்தப் பையனிடம் நான் கேட்டது நான்கு வாரம் தாமதமாக, மூடிய அறைக் கதவுக்கு வெளியே நின்று. ஐந்தாம் வாரம் அவன் ஆலயத்துக்கு வந்தான். மறுபடி பயிற்சிக்கு வர ஆறு மாதம் ஆனது. அந்த அரையிறுதி முடிந்தவுடன், பவுண்டரிக் கோட்டுக்கு நடந்துபோய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.